யார் ‘வேண்டாம்’ என்று சொல்வது?

நேயர்களுக்கு வணக்கம்.

கடலுக்கு அடியில் ஓர் அன்னாசிப்பழ வீட்டில் குடியிருக்கும் மஞ்சள் கடற்பஞ்சை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பெயர் ஸ்பாஞ்ச்பாப். பர்கர் கடையில் சமையல் வேலை. காலையில் வேலைக்குக் கிளம்புவதென்றால் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். 1999-ல் தொடங்கிய இந்தக் கார்ட்டூன் கால் நூற்றாண்டைத் தாண்டியும் ஓடுகிறது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குள் ஒரு வாக்குவாதமும் கூடவே ஓடுகிறது. படத்துக்கு முன்னால் வந்ததெல்லாம் தங்கம், பின்னால் வந்ததெல்லாம் சக்கை என்பது ஒரு தரப்பு. கார்ட்டூன் அப்படியேதான் இருக்கிறது, உங்களுக்குத்தான் வயதாகிவிட்டது என்பது இன்னொரு தரப்பு.

படம் என்று இவர்கள் சொல்வது 2004 நவம்பரில் வந்த முதல் ஸ்பாஞ்ச்பாப் திரைப்படத்தை. தொடரை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க் அதோடு கதையை முடித்துக்கொள்ள நினைத்தார். மூன்று சீசன், 60 எபிசோடு, ஒரு படம். அது போதும் என்பது அவர் எண்ணம். ஆனால் தொடர் அவருடைய சொத்து இல்லை, நிக்கலோடியன் சேனலுடையது. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை எந்தச் சேனல் நிறுத்தும்? ஹில்லன்பர்க் அன்றாடப் பொறுப்பைப் பால் டிபிட்டிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். டிபிட் வெளியாள் இல்லை, முதல் சீசனிலிருந்தே கூட இருந்தவர். குரல் கொடுத்தவர்களும் மாறவில்லை. ஸ்பாஞ்ச்பாப்புக்கு அன்றும் இன்றும் டாம் கென்னிதான்.

அப்புறம் எதற்கு இந்தச் சண்டை?

சிறுபிள்ளைத்தனமான சண்டை என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பெரியவர்களுக்கான நாவலைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். ஒரு குழந்தை அதே எபிசோடை நூறு தடவை பார்க்கிறது, வசனத்தோடு மனப்பாடமாகச் சொல்கிறது. அவ்வளவு ஆழமாக உள்ளே இறங்குகிற ஒன்றைப் பற்றி, இது நன்றாக இருக்கிறதா, நியாயமாக இருக்கிறதா என்று பத்துப் பேர் உட்கார்ந்து வாதாடுவது நல்ல விஷயம். ஆனால் வாதாடும்போது கோட்டை எங்கே கிழிக்கிறோம் என்பதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து.

ஸ்பாஞ்ச்பாப் வீட்டில் கேரி என்று ஒரு நத்தை இருக்கிறது. பூனை மாதிரி மியாவ் என்று கத்தும். இந்தக் கேரியை வைத்து வந்த இரண்டு எபிசோடுகளைப் பார்ப்போம்.

முதலாவது 2005-ல் வந்தது. ஸ்பாஞ்ச்பாப் ஒரு பந்து தட்டும் போட்டியில் மூழ்கிப்போய், நாள்கணக்கில் கேரிக்குச் சாப்பாடு வைக்க மறந்துவிடுகிறான். நத்தை பொறுத்துப் பார்க்கிறது, பிறகு வீட்டை விட்டுப் போய்விடுகிறது. விஷயம் தெரிந்ததும் ஸ்பாஞ்ச்பாப் உடைந்துபோகிறான். ஊர் முழுக்கத் தேடுகிறான். கேரியை வீட்டுக்கு வரச்சொல்லி ஒரு பாட்டு வரும். அதைக் கேட்டு அழுத பிள்ளைகள் இன்று வளர்ந்து பெரியவர்களாகி, இன்னும் அந்தப் பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். தப்பு ஸ்பாஞ்ச்பாப்புடையது. கதை அதை ஒளிக்கவில்லை, அவனையும் ஒளிக்க விடவில்லை.

இரண்டாவது ஏழாவது சீசனில் வருகிறது. கேரிக்குத் துணை வேண்டும் என்று ஸ்பாஞ்ச்பாப் ஒரு பிராணியை வாங்கி வருகிறான். பார்க்கப் பஞ்சு போல இருக்கும் அது, பூதமாக மாறிக் கேரியைத் துரத்துகிறது. ஸ்பாஞ்ச்பாப்போ புதிதாக வந்ததோடு ஒத்துப்போகத் தெரியவில்லை என்று கேரியைத்தான் திட்டுகிறான். திட்டிக்கொண்டே இருக்கிறான். பார்க்கிற பிள்ளைக்கு நடப்பது தெரிகிறது, நாயகனுக்கு மட்டும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவேண்டும் என்று கதைக்கும் தோன்றவில்லை. அதே சீசனில் இன்னொன்று: பர்கர் கடை முதலாளி மிஸ்டர் கிராப்ஸின் எதிரி பிளாங்க்டன். திமிங்கலம் என்றால் அவனுக்குக் கிலி. அதைக் கண்டுபிடித்த மிஸ்டர் கிராப்ஸ், திமிங்கலமான தன் மகள் பேர்ல் போல வேடம் போட்டுக்கொண்டு அவனை விடாமல் மிரட்டுகிறார். பிளாங்க்டன் கடைசியில் வாழப் பிடிக்காமல் நடுரோட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறான். இதை நகைச்சுவை என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். எனக்கு இதில் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். முதல் கேரி கதையும் இரண்டாவது கேரி கதையும், இரண்டுமே ஹில்லன்பர்க் விலகிய பிறகு வந்தவை. அப்படியானால் ‘படத்துக்கு முன், படத்துக்குப் பின்’ என்ற கோடு என்ன ஆயிற்று?

தொடர் எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் இது கொஞ்சம் விளங்கும். ஸ்பாஞ்ச்பாப்பில் முழு வசனத்தோடு எழுதிய திரைக்கதை கிடையாது. ஓரிரு பக்கக் கதைச்சுருக்கம் மட்டும் இருக்கும். ஸ்டோரிபோர்டு வரைகிறவர்கள் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டே வசனத்தையும் நகைச்சுவையையும் சேர்ப்பார்கள். அதாவது, நாம் சிரித்த பாதி இடங்கள் ஹில்லன்பர்க் எழுதியவை அல்ல, பேனாவோடு உட்கார்ந்திருந்த கலைஞர்களுடையவை. படம் முடிந்தபோது டெரெக் டிரைமன் போன்ற பழைய ஆட்களும் கிளம்பினார்கள். போனது ஒருவர் மட்டும் இல்லை.

சரி, அப்படியென்றால் உருவாக்கியவரின் வேலைதான் என்ன? என் பதில், ‘வேண்டாம்’ என்று சொல்வது. யோசனைகளுக்கு எந்தக் கார்ட்டூன் அலுவலகத்திலும் பஞ்சம் வராது. இது நம் ஆள் செய்கிற காரியம் இல்லை, எடுத்துவிடு என்று ஒருவர் சொல்ல வேண்டும், அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்க வேண்டும்.

ஹில்லன்பர்க் அதை முதல் நாளிலிருந்தே செய்தார். சேனல்காரர்கள் ஸ்பாஞ்ச்பாப்பைப் பள்ளிக்குப் போகும் சிறுவனாக ஆக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் பார்க்கிற தொடரில் நாயகனும் பிள்ளையாக இருந்தால் நல்லது என்பது அவர்கள் கணக்கு. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தனியாக வீடு வைத்து, வேலைக்குப் போகிற, ஆனால் மனசு குழந்தையாகவே இருக்கிற ஒருவன்தான் அவருக்கு வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு சமரசம்: பள்ளிக்கூடம் உண்டு, ஆனால் அது படகு ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி. மிஸஸ் பஃப் நடத்தும் அந்த வகுப்பும், ஸ்பாஞ்ச்பாப் ஒவ்வொரு முறையும் தேர்வில் தோற்பதும் தொடரின் மிகச் சிறந்த பகுதிகளில் சேர்ந்துவிட்டன. ஒரு மறுப்பிலிருந்து பிறந்தவை அவை.

இன்னொரு விஷயத்தையும் சண்டை போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஹில்லன்பர்க்கும் ஒரு காலத்தில் இன்னொருவர் தொடரைக் கையில் வாங்கியவர்தான். ஜோ மரே உருவாக்கிய ‘ராக்கோஸ் மாடர்ன் லைஃப்’ தொடரின் நான்காவது சீசனை நடத்தும் பொறுப்பை மரே இவரிடம்தான் ஒப்படைத்தார். உருவாக்கியவர் போனால் எல்லாம் போச்சு என்பது சட்டமாக இருந்தால் அது இவருக்கும் பொருந்த வேண்டும்.

‘அட்வென்ச்சர் டைம்’ என்ற கார்ட்டூனின் கதை இதைவிடத் தெளிவு. அதை உருவாக்கிய பெண்டில்டன் வார்டு ஐந்தாவது சீசன் காலத்தில் தலைமைப் பொறுப்பை விட்டார், ஆடம் மியூட்டோ ஏற்றுக்கொண்டார். வார்டு எழுத்துக் குழுவில் ஒருவராகத் தொடர்ந்தார். விலகிய செய்தி 2014-ல்தான் வெளியே வந்தது. அதுவரை ரசிகர்கள் அவர் நடத்துவதாகவே நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் பழைய ஆள் இருந்தார், புதியவருக்கும் தொடரின் நெளிவு சுளிவு தெரியும். 2018 வரை அது நன்றாகவே போனது.

எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும் என்றால் ‘டாம் அண்ட் ஜெர்ரி’. எம்ஜிஎம் நிறுவனம் 1957-ல் கார்ட்டூன் பிரிவை மூடியது, அந்தத் தொடரை உருவாக்கிய ஹன்னாவும் பார்பராவும் வெளியேறினார்கள். பிறகு ஜீன் டீச் என்பவர் பிராக் நகரத்தில் 13 படங்கள் எடுத்தார். அந்தப் பூனை எலி அடிதடி அவருக்கே பிடித்த சமாசாரம் இல்லை. எதிரொலிக்கிற அந்த விசித்திரமான சத்தத்தைக் கேட்டவுடனே, இது வேறு யாரோ எடுத்தது என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும்.

‘மை லிட்டில் போனி’ விஷயத்தில் நிலைமையே வேறு. 2010-ல் வந்த தொடரை உருவாக்கியவர் லாரன் ஃபாஸ்ட். குதிரைக்குட்டிகளோ 1980-களிலிருந்தே ஹாஸ்ப்ரோ பொம்மை நிறுவனத்துடையவை. ஃபாஸ்ட் ராணியாக நினைத்த செலஸ்டியாவை நிறுவனம் இளவரசி ஆக்கியது. அதாவது, அவர் உள்ளே இருந்தபோதே ‘வேண்டாம்’ என்ற சொல் முழுக்க அவர் கையில் இல்லை. இரண்டாவது சீசனோடு அவர் போனார். 2013 பிப்ரவரியில் நாயகி ட்வைலைட்டுக்குச் சிறகு முளைத்து அவளும் இளவரசி ஆனபோது, பொம்மை விற்கத்தான் இது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை. ஆனால் அந்தக் கோபம் எழுதியவர்கள்மீதும் வரைந்தவர்கள்மீதும் பாய்வதுதான் எனக்கு வருத்தம். சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒரு ஸ்டோரிபோர்டு கலைஞர், உரிமையாளர் எடுத்த முடிவுக்காக ஏச்சு வாங்குவது என்ன நியாயம்? குறை சொல்வதானால் பெயர்ப்பட்டியலைப் பார்த்து, எபிசோடு எபிசோடாகச் சொல்லுங்கள். பாராட்டும்போதும் அப்படியே செய்யலாம்.

மறுபடி ஸ்பாஞ்ச்பாப்புக்கு வருகிறேன். 2015-ல் வந்த இரண்டாவது படத்தை ஒட்டி ஹில்லன்பர்க் தொடருக்குத் திரும்பினார். உடல் ஒத்துழைக்கவில்லை. நரம்புகளைத் தின்னும் ஏஎல்எஸ் நோய் வந்து, 2018 நவம்பர் 26 அன்று 57 வயதில் காலமானார். 2021-ல் ‘கேம்ப் கோரல்’ என்ற கிளைத்தொடர் வந்தது. ஸ்பாஞ்ச்பாப்பும் நண்பர்களும் சிறுவர்களாக ஒரு கோடை முகாமில் இருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் கோபப்படுகிற ரசிகர்களின் பக்கம். சேனல் அன்று கேட்டதும் சிறுவன் ஸ்பாஞ்ச்பாப்பைத்தான், அவர் மறுத்ததும் அதைத்தான்.

அதோடு, முகாமில் சாண்டி என்ற அணிலும் சிறுமியாக இருக்கிறாள். 1999-ன் தொடக்க எபிசோடு ஒன்றில் ஸ்பாஞ்ச்பாப் சாண்டியை முதன்முதலாகச் சந்திக்கிறான். அவள் வீடு கடலுக்கடியில் காற்று நிரம்பிய ஒரு கூடு. காற்று என்றால் என்ன என்றே அவனுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டு உள்ளே போகிறான், தண்ணீர் இல்லாமல் வறண்டு தவிக்கிறான், ஆனாலும் புதுத் தோழியின் முன்னால் தண்ணீர் கேட்க வெட்கம். கடைசியில் உண்மையான கடற்பஞ்சாகவே காய்ந்து கிடப்பான். ஸ்பாஞ்ச்பாப் யார் என்று எனக்குப் புரியவைத்த எபிசோடு அது. சிறுவயதிலேயே இருவரும் ஒரே முகாமில் பழகியவர்கள் என்று ஆக்கிவிட்டால் அந்தப் பதினொரு நிமிடத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. ஒரு கலைஞர் இறந்துவிட்டார் என்பதற்காக அவர் ஏற்கெனவே மறுத்த ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு வரவேண்டியதில்லை. வேறு யோசனைகள் அவர்களிடம் நிச்சயம் இருந்திருக்கும்.

நன்றி, வணக்கம்.