இன்ஜின் மாறினால் விமானமும் மாறும்

நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் லாரி வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி, ஆர்.சி. புத்தகத்தில் புது எண்ணை ஏற்ற வேண்டும். அது முடிந்ததும் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். போன மாதம் இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் பேசப் போயிருந்தேன். விமானப் பராமரிப்பில் முப்பது வருடம் இருந்தவன் என்று அழைத்திருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "சார், ஒருத்தர் தானே கட்டிய சோதனை விமானத்தில் நூறு குதிரைத்திறன் இன்ஜினை எடுத்துவிட்டு இன்னொரு நூறு குதிரைத்திறன் இன்ஜினை வைக்கிறார். அதற்கு எதற்கு இத்தனை விதி?" என்றார். அன்று நேரமில்லாமல் அரைகுறையாகச் சொன்னேன். மீதியை இன்று சொல்கிறேன்.

பழைய இன்ஜின் 110 கிலோ, புதியது 75 கிலோ என்று வையுங்கள். எடை குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் விமானம் ஒரு தராசு மாதிரி. சமநிலைப் புள்ளிக்கு ஒரு மீட்டர் முன்னால் இருந்த 110 கிலோவை 75 கிலோ ஈடுகட்ட வேண்டுமானால், அது ஏறக்குறைய 1.47 மீட்டர் முன்னால் போய் உட்கார வேண்டும். விமானத்தின் மூக்கு அரை மீட்டர் நீண்டுவிட்டது. மூக்கு நீண்டால் பக்கவாட்டுக் காற்று அதைப் பிடித்துத் தள்ளும். அதை நேராக்குவது வாலில் செங்குத்தாக நிற்கும் துடுப்பு. அது பழைய மூக்குக்கு அளவெடுத்துச் செய்தது, இப்போது போதாமல் போகலாம். பாருங்கள், இன்ஜினில் ஆரம்பித்தோம், வாலில் வந்து நிற்கிறோம்.

சுழலும் திசையும் இருக்கிறது. அமெரிக்க இன்ஜின்கள் பெரும்பாலும் விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும். அதனால் மேலெழும்போது மூக்கு இடது பக்கம் திரும்பப் பார்க்கும், அதை நேராக்க வலது கால் மிதியை அழுத்த வேண்டும். பழைய டைகர் மாத் விமானத்தின் ஜிப்சி மேஜர் இன்ஜின் இடஞ்சுழி, அதற்கு இடது கால். வருடக்கணக்கில் பழகிய காலை ஒரே நாளில் மாற்றச் சொன்னால் என்ன ஆகும்?

இதனால்தான் அமெரிக்க விதி குதிரைத்திறனைப் பற்றிக் கேட்பதில்லை. எடை, சமநிலை, கட்டமைப்பின் வலு, நம்பகத்தன்மை, பறக்கும் குணம் இவற்றில் குறிப்பிடத்தக்க மாறுதல் வந்தால் அது பெரிய மாற்றம். வேறு வகை இன்ஜின் வைப்பது அதில்தான் வரும். அந்த நாட்டில், சொந்தமாகக் கட்டிய விமானத்தில் இன்ஜினை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், உரிமம் பெற்ற மெக்கானிக்தான் கைவைக்க வேண்டும் என்றில்லை. அந்தச் சுதந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் மாற்றிய பிறகு எஃப்.ஏ.ஏ. என்ற அமெரிக்க விமானத்துறை அமைப்பின் அலுவலகத்துக்குத் தெரிவித்து, சோதனைப் பறப்புக்கான பகுதிக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தின் மேல், வழக்கமாகக் குறைந்தது 5 மணி நேரம் பறக்க வேண்டும். பயணி ஏறக்கூடாது. புத்தம் புது விமானமாக இருந்தால் 25 அல்லது 40 மணி நேரம். முடிந்ததும் லாக் புத்தகத்தில், அதாவது விமானத்தின் பதிவேட்டில், வழக்கமான எல்லா வேகத்திலும் விமானம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஆபத்தான குணம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். எந்த எடையில், எந்தச் சமநிலையில், எந்த வேகத்தில் சோதித்தோம் என்பதும் சேர வேண்டும்.

அந்த 5 மணி நேரத்தின் அருமை எனக்குத் தெரியும். வெளிநாட்டில் ஒரு நண்பரின் விமானத்துக்கு நானும் சேர்ந்து இன்ஜின் மாற்றினோம். தரையில் அருமையாக ஓடியது. மூன்றாவது மணி நேரத்தில் எண்ணெய்ச் சூடு ஏற ஆரம்பித்தது. காற்று உள்ளே வரும் வாயைப் பெரிதாக வைத்த நாங்கள், வெளியேறும் வழியைக் குறுகலாக விட்டிருந்தோம். ஓடுதளத்தை விட்டு விலகாமல் சுற்றிக்கொண்டிருந்ததால் நண்பர் உடனே இறங்கிவிட்டார். சாதாரணப் பயணமாக இருந்திருந்தால், பக்கத்து இருக்கையில் அவர் மகள் இருந்திருப்பாள்.

நம் நாட்டில் கதவு இன்னும் குறுகலானது. மும்பையில் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய அமோல் யாதவுக்கு 2017-இல்தான் பதிவு கிடைத்தது, பறக்க அனுமதி 2019-இல். நம் விமானத்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ. கேட்கும் ஆதாரங்களைத் தேவையில்லாத வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சொந்தமாகக் கட்டுபவர்களுக்கென்று தெளிவான, வேகமான வழி இங்கேயும் வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். சேலத்தின் காமலாபுரம் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் அடி உயரம். சூட்டில் காற்று லேசாகிவிடும்; வெயில் 40 டிகிரியைத் தொட்டால், அங்கே ஓடுதளத்தில் நிற்கும் இன்ஜின் நாலாயிரம் அடி உயரத்துக் காற்றைத்தான் சுவாசிக்கும். கிழக்கே சேர்வராயன் மலை ஐயாயிரம் அடிக்கு மேல் எழுந்து நிற்கிறது. புது இன்ஜினின் முதல் மணி நேரங்களில் ஏற்காட்டைச் சுற்றிப் பார்க்கும் எண்ணம் வரவே கூடாது. விடியற்காலைக் குளிரில், ஓடுதளத்துக்கு மேலேயே சுற்ற வேண்டும்.

அந்த மாணவர் இப்போது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேலை தருகிறேன். 110-க்குப் பதில் 75 கிலோ வைத்து, மூக்கை நீட்டாமல் பேட்டரியை மட்டும் முன்னால் நகர்த்திச் சமன் செய்ய முடியுமா? பேட்டரி 8 கிலோ, இப்போது இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. கணக்குப் போட்டு எடுத்து வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.

வணக்கம்.