யாரும் கேட்காத ஒலியைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்த 21 வயது இளைஞர்!

[திரையில்: ஆப்பெழுத்து பதிந்த களிமண் பலகை]

வணக்கம் நண்பர்களே! எந்த ஏட்டிலும் இல்லாத, யார் காதிலும் விழாத ஒரு ஒலி இருந்தே தீர வேண்டும் என்று 1878இல் ஒரு இளைஞர் எழுதினார். கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, துருக்கியின் களிமண் பலகைகள் அவருக்காகச் சாட்சி சொல்ல வந்தன.

முன்கதையை வேகமாகப் பார்த்துவிடலாம். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 1786இல் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் பேசினார். அந்த மூலமொழிக்கு எழுத்து கிடையாது. பிள்ளைகளை ஒப்பிட்டுத்தான் தாயை மீட்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஜெனீவாவில் பிறந்த பெர்டினான்ட் டி சொசூர்தான் அந்த இளைஞர். மூலமொழியின் வேர்ச்சொற்களில் உயிர் ஒலிகள் ஒரு ஒழுங்கில் மாறும். சில வேர்கள் மட்டும் அந்த ஒழுங்குக்குள் வராமல் நெடிலோடு நின்றன. அது பிறவி நெடில் இல்லை என்றார் சொசூர். குறிலுக்குப் பின்னால் ஒரு ஒலி இருந்தது. அது உதிர்ந்ததால் குறில் நீண்டுவிட்டது!

இதைப் புரிந்துகொள்ள நம் தமிழே போதும். மிகுதி எப்படி மீதி ஆனது? 'கு' விழுந்தது, 'மி' நீண்டு 'மீ' ஆனது. பகுதி பாதி ஆனதும், அகப்பை ஆப்பை ஆனதும், பெயர் பேர் ஆனதும் இதே வழியில்தான். தமிழ் வேறு குடும்பம், திராவிடம். ஆனால் மனித வாய் ஒன்றுதானே! நமக்கு 'மிகுதி' இன்னும் கையில் இருக்கிறது. சொசூரிடம் இருந்தது 'மீதி' மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு விழுந்துபோன 'கு'வைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். மொழியியலில் இதைவிட எனக்குப் பிடித்த இடம் கிடையாது.

அன்று பலர் இதை ஏற்கவில்லை.

[திரையில்: ஹட்டுசா இடிபாடுகள்]

1906இல் துருக்கியின் ஹட்டுசாவில் தோண்டத் தொடங்கினார்கள். பழங்காலத்தில் அங்கே ஆண்ட ஹிட்டைட் அரசர்களின் பலகைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. 1915இல் செக் அறிஞர் பெட்ரிச் ஹ்ரோஸ்னி அந்த மொழியின் பூட்டைத் திறந்தார். ஒரு வரியில் ரொட்டிக்கான குறி இருந்தது; அது முன்பே தெரிந்த சுமேரியக் குறி. அதே வரியில் 'வாதர்' என்றொரு சொல். ஆங்கில வாட்டரேதான்! 'ரொட்டி உண்பீர்கள், தண்ணீர் குடிப்பீர்கள்' என்று அந்த வரி புரிந்தது. ஆக, ஹிட்டைட்டும் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் எல்லாம் சேர்ந்த இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்து மொழி.

அப்புறம் 1927. போலந்து அறிஞர் யெர்சி குரிவோவிச் ஒன்றைக் கவனித்தார். சொசூர் ஒலி வைத்த இடங்கள் பலவற்றில் ஹிட்டைட்டில் 'ஹ' போன்ற ஒரு ஒலி எழுதப்பட்டிருக்கிறது! காப்பதைக் குறிக்கும் வேர் சமஸ்கிருதத்தில் 'பா', ஹிட்டைட்டில் 'பஹ்ஸ்'. சொல்லின் தொடக்கத்திலும் அந்த ஒலி உண்டு. நாம் ஆற்றில் கரைக்கும் அஸ்தி சமஸ்கிருதச் சொல், பொருள் எலும்பு. ஹிட்டைட்டில் அது 'ஹஸ்தாய்'.

சொசூர் இதைப் பார்க்கவில்லை. ஹிட்டைட் படிக்கப்படுவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1913இல் இறந்துவிட்டார். அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் எனக்கு மனசே ஆறாது.

உங்கள் ஊர்ப் பேச்சில் ஆப்பை மாதிரி எழுத்து விழுந்து நெடிலான சொற்கள் இருந்தால் ஊர்ப் பெயரோடு கமென்ட்டில் போடுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன். அடுத்த வீடியோவில் சீனாவின் தாரிம் பாலைவனத்துக்குப் போகிறோம். அங்கேயும் ஒரு இந்தோ-ஐரோப்பிய மொழி பேசினார்கள்!