அயர்லாந்து கஞ்சமா? கல்விச் செலவில் ஒரு கணக்குப் புதிர்

[திரையில்: இரண்டு பட்டைகள். ஸ்வீடன் உயரமாக, அயர்லாந்து அதில் பாதிகூட இல்லாமல்.]

வணக்கம். இந்த இரண்டு பட்டைகளையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் 2021ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்கு இது. ஸ்வீடன் அரசு கல்விக்குச் செலவழித்தது ஜிடிபியில், அதாவது நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பில், கிட்டத்தட்ட 7 சதவீதம். அயர்லாந்து சுமார் 3 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரி 5 சதவீதத்தை ஒட்டி இருக்க, அயர்லாந்து பட்டியலின் அடியில் கிடக்கிறது.

பள்ளிக்கூடங்களை அம்போவென்று விட்டுவிட்டார்களோ என்று தோன்றுகிறது, இல்லையா? ஆனால் பல நாடுகளின் மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வில், 2022இல், 15 வயதுப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனுக்கு அயர்லாந்து வாங்கியது 516 புள்ளிகள். ஸ்வீடன் 487. எங்கேயோ இடிக்கிறது.

இடிப்பது வகுக்கும் எண்ணில், அதாவது ஜிடிபியில்.

[திரையில்: ஓடுபாதையில் வரிசையாக நிற்கும் விமானங்கள்.]

உலகத்தில் குத்தகைக்கு ஓடும் விமானங்களில் பெரும்பங்கு அயர்லாந்து நிறுவனங்களின் கணக்கில் இருக்கிறது. அந்த விமானம் டப்ளின் பக்கமே வராமல் ஆசியாவில் பறந்துகொண்டிருக்கலாம். ஆனாலும் வாடகை வருமானம் அயர்லாந்தின் ஜிடிபியில் ஏறிவிடும். பன்னாட்டு நிறுவனங்கள் வரிக்காக அங்கே கொண்டுபோய் வைக்கும் காப்புரிமைகளும் இப்படித்தான். 2015இல் பொருளாதாரம் 26 சதவீதம் வளர்ந்ததாக அறிவிப்பு வந்தபோது உலகமே சிரித்தது. அப்புறம் அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகமே 2017இல் இப்படி ஊதிப்பெருத்த பகுதியைக் கழித்துவிட்டு வேறோர் அளவுகோலைக் கொண்டுவந்தது. பெயரிலேயே ஒரு நட்சத்திரக் குறி: ஜிஎன்ஐ ஸ்டார், அதாவது திருத்திய தேசிய வருமானம். ஜிடிபியில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக வரும்.

சரி, அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 3 சதவீதம் ஐந்தரையை நெருங்குகிறது. இன்னொரு வழியும் இருக்கிறது. அரசு செலவிடும் ஒவ்வொரு 100 யூரோவிலும் கல்விக்குப் போவது எவ்வளவு? அயர்லாந்தில் சுமார் 12. ஐரோப்பிய சராசரி 10ஐக்கூடத் தொடவில்லை. கஞ்சன் பட்டத்தை இங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் ஸ்வீடன் இன்னும் மேலேதான் நிற்கிறது. அந்த மிச்ச இடைவெளி போலி இல்லை. அதைப் பார்க்க மதிய நேரத்தில் ஒரு பள்ளிக்குள் போகவேண்டும்.

[திரையில்: தட்டுடன் வரிசையில் நிற்கும் குழந்தைகள்.]

ஸ்வீடன் தொடக்கப் பள்ளியில் பிள்ளை தட்டை எடுத்து, சூடான உணவைத் தானே பரிமாறிக்கொண்டு, மொறுமொறு ரொட்டியும் ஒரு டம்ளர் பாலும் எடுத்துக்கொண்டு உட்காருகிறது. காசு கிடையாது, சட்டமே அப்படி. அதற்கு முன்னால் ஒரு வயதிலேயே முன்பள்ளி. 1996இலேயே அதைக் கல்வி அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். கட்டணத்துக்கு 2002 முதல் உச்சவரம்பு: முதல் குழந்தைக்குப் பெற்றோர் வருமானத்தில் 3 சதவீதம், அதுவும் ஒரு தொகைக்கு மேல் போகக்கூடாது. மீதியை அரசு போடுகிறது, கல்விச் செலவும் ஏறுகிறது.

அயர்லாந்தில் முன்பள்ளியை அரசு இலவசமாகத் தருவது வாரத்துக்கு 15 மணி நேரம்தான், அதுவும் பள்ளி நடக்கும் மாதங்களில் மட்டும். மீதி நேரத்துக்கு அரசு மானியம் போக மிச்சம் பெற்றோர் பாக்கெட்தான். பள்ளியில் சேர்ந்த பிறகும் விடாது. வருடா வருடம் 'தன்னார்வ நன்கொடை' கேட்டுப் பள்ளியிலிருந்து கடிதம் வரும். தன்னார்வமாம்! கொடுக்காத வீட்டுக்கு நினைவூட்டல் வருவதாகப் பெற்றோர் புலம்புவது அங்கே பழைய கதை. கல்லூரிக்குப் போனால் 'இலவசக் கல்வி' என்ற பலகைக்குப் பின்னால் 'மாணவர் பங்களிப்பு' என்று ஒரு தொகை. ஸ்வீடன் மாணவருக்கு அதுகூட இல்லை; படிப்பதற்கு அரசு உதவித்தொகையும் கடனும் தருகிறது.

அப்படியானால் பீசாவில் அயர்லாந்து எப்படி முந்தியது? செலவை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதே என் கருத்து. முன்பள்ளிக்கும் மதிய உணவுக்கும் ஸ்வீடன் கொட்டும் பணம் வாசிப்பு மதிப்பெண்ணுக்காகவே கொட்டுவதும் அல்ல. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகமுடிவதும் அதில்தான் அடக்கம்.

[திரையில்: புத்தகப் பட்டியல் தாள்.]

கடைசியாக ஒரு கணக்கு. 2023இல் அயர்லாந்து தொடக்கப் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகத்தை இலவசமாக்கியது. செலவு சுமார் 5 கோடி யூரோ. ஜிடிபி 50,000 கோடிக்கும் மேல். அதாவது 0.01 சதவீதம். நம் பட்டை அசையவே அசையாது. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் புத்தகப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் வரிசையில் நின்ற பெற்றோர் அந்த ஆண்டு நிற்கவில்லை.