கருவாட்டு வாசமும் கழுவிய கையும்

நடுவர் அவர்களே, அருள்தந்தையரே, எதிரணிப் பெரியவர்களே, மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் என் சனங்களே, வணக்கம். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வாழ்த்தினால் எனக்குத் தந்த பத்து நிமிடமும் அதிலேயே கரைந்துவிடும். நடுவர் மணியின் மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறார்.

“மனிதனைத் தூய்மையாக்குவது புறச் சடங்கா, அகத்தின் நேர்மையா?” என்பது தலைப்பு. நான் அகத்தின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் எட்டாம் வகுப்பில் எனக்குப் பாடம் நடத்திய ஐயா. அவர் என்ன சொன்னார்? “உள்ளம் சுத்தமாக இருந்தால் போதும் என்று தம்பி பேசப்போகிறார். அவரோடு ஒரே ஆட்டோவில் வந்த எனக்குத்தானே தெரியும், கருவாட்டு வாசம்!” நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல நகைச்சுவைக்கு அணி கிடையாது. ஐயா, அந்தக் கணக்கை இப்போது தீர்க்கமாட்டேன், நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

கழுவாமல் கடவுளிடம் போனவர் உண்டா என்று கேட்டார். இராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம், பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் ஒளு, நம் கோவில் வாசலில் தீர்த்தத் தொட்டி என்று அடுக்கினார். அடுத்தவர் வாசலுக்குள் நான் போகவில்லை. என் பேச்சு நம் வேதத்தோடு நிற்கும். தண்ணீரோடு எனக்குச் சண்டையும் இல்லை. குழாயில் தண்ணீர் வரும் நாளைத் திருநாளாகக் கொண்டாடும் மாவட்டத்தில் பிறந்தவன் தண்ணீரைப் பழிப்பானா? கை கழுவாதே என்று இங்கே பேசிவிட்டுப் போனால் என் மனைவி சோறு போடமாட்டாள். கை சுத்தமானால் ஆள் சுத்தமாகிவிட்டான் என்று ஒரு கணக்குப் போடுகிறார்களே, அதோடுதான் என் வழக்கு.

என் தாய்மாமன் ஒரு சம்மாட்டி, படகுக்குச் சொந்தக்காரர். ஒரு விசைப்படகு, நான்கு வலை, கோவிலில் முதல் வரிசை. ஒரு தவக்காலத்தில் யாரோ அவர் கையில் பழைய ஏற்பாட்டின் லேவியர் நூலைக் கொடுத்துவிட்டார்கள். பதினோராம் அதிகாரம்: கடலிலும் ஆற்றிலும் வாழ்பவற்றில் சிறகும் செதிளும் உள்ளதைத் தின்னலாம், இல்லாதது அருவருப்பு. அதை எந்தக் கரையில் உட்கார்ந்து படித்தார் பாருங்கள். பாம்பன், மண்டபம் கடற்கரையில்! மறுநாளே வீட்டில் தடைச்சட்டம். இறால் தீட்டு. நண்டு தீட்டு. கணவாய் தீட்டு. சுறா, திருக்கை, கெளிறு, விலாங்கு எல்லாம் தீட்டு. சுறாப்புட்டு அவிக்கும் வாசத்துக்கே தெருவைத் தாண்டி வந்து நிற்கிற மனிதர், அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்.

அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “இறால் தீட்டு, சரி. இறால் விற்ற காசு?”

மாமா சொன்னார், “காசுக்குச் செதிள் கிடையாது.”

கேளுங்கள், கதை இன்னும் கரைக்கு வரவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நல்ல சீலா ஒன்று வீட்டுக்கு வந்தது. சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பார்களே, அதுதான். மாமாவுக்குச் சந்தேகம். சீலாவுக்குச் சிறகு உண்டு, செதிள் உண்டா? பார்த்தால் வழுவழுவென்று வெள்ளித் தகடு போல இருக்கிறது. மீனைத் தூக்கி டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தார். வாசிப்புக் கண்ணாடியை மாட்டினார். வாலிலிருந்து தலைப்பக்கம் நகத்தால் சுரண்டினார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு சம்மாட்டிகள் வந்துவிட்டார்கள். ஒருவர் இருக்கிறது என்கிறார், ஒருவர் இல்லவே இல்லை என்கிறார். நாற்பது வருடம் சீலா பிடித்தவர்கள், நடுவர் அவர்களே! டார்ச் அடித்தார்கள். அத்தை அடுப்பில் எண்ணெயைக் காயவைத்தாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். முக்கால் மணி நேரம் கழித்து மாமாவின் கட்டைவிரல் நகத்தில் ஒன்று ஒட்டியிருந்தது. மிளகில் கால்வாசி. கண்ணாடி போல மினுங்கியது. “செதிள்!” என்று அவர் போட்ட சத்தம் கோவில் மணிக்கூண்டு வரை கேட்டிருக்கும். எசாயா இறைவாக்கினர் பிறந்து வந்து நேரில் சொல்லியிருந்தாலும் அவ்வளவு மகிழ்ந்திருக்கமாட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஆள் நின்றான். மாமா படகில் கடலுக்குப் போகிறவன். டீசல் காசு, ஐஸ் காசு எல்லாம் கழித்துப் பங்குக் கணக்குச் சொல்லியிருந்தார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டான்: “சம்மாட்டி, அன்றைக்கு இறால் நாற்பது கிலோ நிறுத்தோம். நோட்டில் முப்பத்திரண்டு என்று இருக்கிறது.” மாமா நகத்திலிருந்த செதிளைப் பார்த்தபடி, “ஏலத்தில் ஈரம் கழித்திருப்பார்கள்” என்றார்.

அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். “முக்கால் மணி நேரம் டார்ச் அடித்து ஒரு செதிளைக் கண்டுபிடித்தீர்களே. அந்த எட்டுக் கிலோவையும் அதே டார்ச்சை அடித்துத் தேடுங்கள்.”

கைதட்டலை அத்தைக்கு அனுப்பிவைக்கிறேன். மாமா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போனார், பணத்தை எண்ணிக் கொண்டுவந்து கொடுத்தார். வந்தவனையும் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அவன் தட்டில் சீலா வறுவல். மாமா தட்டில்? நண்டு! கேட்காமலே அத்தை வைத்தாள், பேசாமலே அவர் தின்றார்.

இதைத்தானே ஆண்டவர் மாற்கு ஏழாம் அதிகாரத்தில் சொன்னார்? கழுவாத கையோடு சீடர்கள் சாப்பிடுகிறார்கள் என்று பரிசேயர் குறை சொன்னபோது, வெளியிலிருந்து உள்ளே போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளேயிருந்து வெளியே வருவதுதான் தீட்டு என்றார். அதற்கு ஒரு பட்டியலும் கொடுத்தார். திருட்டு இருக்கிறது, பேராசை இருக்கிறது, வஞ்சகம் இருக்கிறது. கணவாய் இல்லை.

ஐயா ஒரு நல்ல கேள்வியும் கேட்டார், அதை மறைக்கக்கூடாது. தொழுநோயாளியைக் குணமாக்கிய இயேசு, “போய்க் குருவிடம் உன்னைக் காட்டு, மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்து” என்றாரே, அப்படியானால் அவர் சட்டத்தின் பக்கம்தானே என்றார். உண்மை, சொன்னார். ஆனால் அதற்கு முந்தின வரியை ஐயா வாசிக்கவில்லை. கையை நீட்டி அவனைத் தொட்டார். “தீட்டு, தீட்டு” என்று தானே கத்திக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கவேண்டும் என்று லேவியர் நூல் ஒதுக்கிவைத்த மனிதனை முதலில் தொட்டார், அப்புறம்தான் குருவிடம் அனுப்பினார். முந்தின வரியை வாசிக்காமல் விடை எழுதாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான் ஐயா.

கானாவூர்க் கல்யாணத்தில் ஆறு கல்தொட்டிகள் இருந்தன. யூதர்களின் சுத்திகரிப்புச் சடங்குக்கு வைத்தவை. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் பிடிக்கும். அத்தனையும் திராட்சை இரசமாகிவிட்டது. இனிக் கை கழுவத் தண்ணீர் எங்கே என்று ஒருவராவது கேட்டதாக யோவான் எழுதவில்லை.

பேதுருவை விட்டுவிட்டால் நம் கடற்கரை கோபித்துக்கொள்ளும். மீன் பிடித்தவர், நம் தொழில்காரர் அல்லவா? யோப்பாவில் கடலோரமாக ஒரு வீடு, தோல் பதனிடும் சீமோன் வீடு. மத்தியானப் பசி. நான்கு முனையிலும் தொங்கவிட்ட பெரிய விரிப்பு ஒன்று வானத்திலிருந்து இறங்குகிறது. அதில் நடப்பன, ஊர்வன, பறப்பன எல்லாம் கிடக்கின்றன. அடித்துச் சாப்பிடு என்று குரல். தீட்டானதை நான் தின்றதே இல்லை என்கிறார் பேதுரு. கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டென்று சொல்லாதே என்கிறது குரல். மூன்று முறை நடந்ததாம். மூன்று முறை மறுப்பது பேதுருவுக்குப் பழக்கம்தானே! ஆனால் அந்த விரிப்பு சாப்பாட்டுக்காக இறங்கியது அல்ல. கொர்னேலியு என்ற உரோமை நூற்றுவர் தலைவனின் ஆட்கள் அப்போதே வாசலுக்கு வந்துவிட்டார்கள். வேற்று இனத்தான் என்று யூதர் காலெடுத்து வைக்காத அந்த வீட்டுக்குள் பேதுரு போகவேண்டியிருந்தது.

முதல் மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. நோட்டில் எழுதிய கணக்கு ஒன்று பாக்கி.

ஐயா, கருவாட்டு வாசம் என்றீர்கள். உண்மைதான். என் அம்மா கருவாடு காயப்போடுகிறவள். உப்புத் தொட்டியில் நின்று நின்று அவள் பாதம் முழுவதும் வெடிப்பு. வெடிப்புக்குள் உப்பு, உப்புக்குள் வாசம். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் காலியாகிவிடும். அதனாலேயே கோவிலில் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம் காற்றோட்டமாக உட்காருவாள். பூசை முழுவதும் அவளுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதிலேதான் கண்.

பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்குப் பெண்களையும் தேர்ந்தெடுக்கலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் அறிவித்தார். அடுத்த ஆண்டு எங்கள் ஊர்ச் சாமியார் பன்னிரண்டு பேரை எழுதியபோது அம்மா பெயரும் அதில் இருந்தது. வீட்டில் ஒரே ஒப்பாரி. மூன்று நாள் கால் தேய்த்தாள். புளி போட்டாள், எலுமிச்சம்பழத் தோல் போட்டாள், செங்கல்லால் உரசினாள். கடைசியில் என் தங்கை பவுடர் பூசிவிட்டாள். கருவாட்டு வாசத்தோடு பவுடர் வாசமும் சேர்ந்து, மூன்றாவதாக ஒரு வாசம் பிறந்ததுதான் மிச்சம்.

சாமியார் ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு வருகிறார். அம்மாவின் முறை. அவள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். “வேண்டாம் சாமி, நாறும்.” நீர் என் பாதங்களைக் கழுவவே கூடாது என்று இயேசுவிடம் பேதுருவும் சொன்னாரே, அதே பேச்சு. சாமியார் கையை நீட்டியபடியே முழங்காலில் இருந்தார். கோவிலில் சத்தமில்லை. அம்மா மெதுவாக ஒரு காலை நீட்டினாள். வெடிப்பில் தண்ணீர் பட்டபோது அவளுக்கு எரிந்திருக்கவேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். துண்டால் ஒற்றி, குனிந்து முத்தமிட்டார். நிமிரவில்லை. அப்படியே மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்தார். அப்புறம் முகத்தை உயர்த்தி, மைக்கில் விழாதபடி கேட்டார்.

“நெத்திலியா அம்மா, காரலா?”

“காரல் சாமி.”

“எங்கள் வீட்டில் நெத்திலி. எங்கம்மா கையும் இப்படித்தான்” என்று சொல்லிவிட்டு, அடுத்த காலைக் காட்டச் சொன்னார்.

இன்று காலையும் அவளுக்கு மூட்டை தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டேன். ஐயா, ஆட்டோவில் உங்களுக்கு வந்ததும் காரல்தான். வணக்கம்.