இடுப்பில் இரண்டு கயிறு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

என்னைப் பேசக் கூப்பிட்டவர் போனில், "சார், நீங்க மரம் வெட்டுறவர்தானே?" என்று கேட்டார். பாதி சரி. முழு மரத்தை வெட்டிச் சாய்க்கிற வேலை எனக்கு எப்போதாவதுதான் வரும். மற்ற நாளெல்லாம் பட்டுப்போன கொப்பை எடுப்பது, மாடிமேல் சாய்ந்த கிளையைக் குறைப்பது, கரண்ட் கம்பியில் உரசுவதைக் கழிப்பது. இங்கிலாந்தில் இதே வேலை செய்பவரை ட்ரீ சர்ஜன் என்கிறார்கள். மரத்துக்கு அறுவை மருத்துவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் 'மரம் வெட்டுற ஆளு' என்றால்தான் வாசல் கதவைத் திறப்பார்கள்.

இந்தத் தொழிலின் கருவிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கருவி என்றதும் எல்லோர் கண்ணிலும் படுவது மெஷின் ரம்பம். அது உறுமத் தொடங்கினால் தெருப் பிள்ளைகள் ஓடிவந்து நிற்கும். புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்களும் கடன் வாங்கியாவது நல்ல மெஷினாக வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் ஹார்டுவேர் கடைக்குப் போய், எடைபோட்டுத் தருகிற நீலக் கயிற்றில் ஒரு சுருள் வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். மெஷின் கிளையை அறுக்கும், சரி. ஆளைத் தாங்குவது அந்தக் கயிறு அல்லவா? அதில் போய் மிச்சம் பிடிக்கிறார்கள். நானும் அப்படித் தொடங்கியவன்தான், அதனால் யாரையும் திட்டும் தகுதி எனக்கு இல்லை.

அந்த நீலக் கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். லாரியில் தார்ப்பாய் கட்ட நல்லது. வெயிலில் கிடந்தால் நாளடைவில் உளுத்துப்போகும், தடவினால் தூள் தூளாகக் கையில் ஒட்டும். சூடும் தாங்காது, சுமார் 165 டிகிரியில் உருகிவிடும். கயிறும் கயிறும் அழுந்தி உரசுகிற இடத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. மரம் ஏறுவதற்கென்று செய்கிற கயிறு பாலியெஸ்டரிலோ நைலானிலோ இருக்கும், கனம் 11 முதல் 13 மில்லிமீட்டர். பல வகைகளில் உள்ளே ஒரு திரி, மேலே பின்னிய உறை. பாரம் தாங்குவதில் பெரும்பங்கு உள்திரிக்கு. ஐரோப்பியத் தரத்தில் உயர்ந்த வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்று விதி. நம் கணக்கில் இரண்டு டன்னுக்கு மேல். எழுபது கிலோ ஆளுக்கு எதற்கு இரண்டு டன் என்று கேட்பீர்கள். முடிச்சுப் போட்டால் கயிற்றின் பலம் குறையும், ஆள் சறுக்கி விழுந்தால் இழுப்பு பல மடங்காகும். அந்தக் கணக்கெல்லாம் சேர்ந்துதான் இரண்டு டன்.

இந்தக் கயிற்றில் ஏறி இறங்க உதவும் முடிச்சு ஒன்று உண்டு, பேர் புரூசிக். கார்ல் புரூசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931-இல் எழுதிப் பரப்பியது. மெல்லிய கயிற்றைத் தடித்த கயிற்றின்மேல் சுற்றிச் சுற்றிப் போடுவது. கையால் தள்ளினால் நகரும், உடம்பின் பாரம் விழுந்தால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இதையும் இதன் தம்பி முடிச்சுகளையும் வைத்துத்தான் உலகம் முழுக்க மரத்தில் ஏறி இறங்குகிறார்கள். முதன்முதலாக ஒருவர் எனக்குச் செய்து காட்டியபோது, இது இந்த ஊரிலேயே யாருக்காவது முன்னாடியே தெரிந்திருக்க வேண்டுமே என்று நினைத்தேன். தூத்துக்குடிப் பக்கம் என் மாமா பனையேறி. இரண்டு காலையும் கோக்கும் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி. அந்தப் பெட்டியைச் சின்ன வயதில் விளையாட்டுச் சாமானாகப் பார்த்திருக்கிறேன். இப்போதுதான் அதன் அருமை தெரிகிறது. ஏறும்போது கத்தி கையில் இருக்கக் கூடாது, இரண்டு கையும் மரத்துக்கு. இன்று நாங்கள் மெஷினை ஒரு பட்டையில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டு ஏறுகிறோமே, அதுவும் இதே யோசனைதான்.

அடுத்தது பெல்ட். கட்டட வேலையில் முதுகில் கொக்கி வைத்த ஹார்னஸ் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் அதற்கு ஐ.எஸ். 3521 என்று தரம் இருக்கிறது. ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அது விழுபவனைப் பிடிப்பதற்காகச் செய்தது. மரத்தில் எங்களுக்கு விழாமல் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். முதுகுக் கொக்கியில் தொங்கிக்கொண்டு எதிரே உள்ள கிளையை எப்படி அறுப்பது? மரத்துக்கான ஹார்னஸில் தொடைக்கு அகலப் பட்டை, இடுப்புக்கு மெத்தை. பிடிப்பு முன்பக்கம் தொப்புளுக்கு நேரே. அங்கே ஒரு வளையம் இடமும் வலமும் நகரும், உடம்பைத் திருப்பினால் கூடவே வரும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கி வளையம், தண்டைச் சுற்றிக் குட்டைக் கயிறு போட. காலை அசைத்து வேலை பார்க்கிறவரை கால் எளிதில் மரத்துப்போகாது. ஆளைக் கயிற்றோடு கோக்கும் கொக்கி மூன்று அசைவுக்கு மட்டுமே திறக்க வேண்டும். தூக்கு, திருப்பு, அழுத்து. இலை மோதியோ கிளை உரசியோ தானாகத் திறந்துவிடக் கூடாது.

இனி தலைப்பில் சொன்ன இரண்டாவது கயிறு, அது ஏன் வேண்டும் என்பது. தொழிலுக்கு வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஒரு தூங்குமூஞ்சி மரம், பரந்து விரிந்தது. காலையிலிருந்து வளைந்த கைரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தேன். இழுத்தால் அறுக்கும் ரகம், பல் ஒவ்வொன்றும் பிளேடு மாதிரி. மத்தியானம் இறங்கிக் கயிற்றைச் சுருட்டும்போது ஓர் இடத்தில் உறை விரிந்து, உள்ளே வெள்ளைத் திரி தெரிந்தது. எந்தக் கிளையில் பட்டது, எப்போது பட்டது, ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு எத்தனை நேரம் அதில் தொங்கினேன் என்றும் தெரியாது. மேலே எனக்கு எதுவுமே நடக்கவில்லை. பயம் கீழே வந்த பிறகுதான் வந்தது. சோறு இறங்கவில்லை.

விறைப்பாக நிற்கிற கயிற்றை ரம்பம் லேசாகத் தொட்டாலே போதும். தளர்ந்த கயிறு நழுவி விலகும், பாரம் தாங்கும் கயிற்றுக்கு விலக வழி இல்லை. அதனால்தான் மெஷினை முடுக்குவதற்கு முன் ஆள் இரண்டு தனித்தனி இடங்களில் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று பிரிட்டனில் ஒழுங்கே வைத்திருக்கிறார்கள். மேலே கவட்டையில் நீளக் கயிறு, தண்டைச் சுற்றிக் குட்டைக் கயிறு. குட்டைக் கயிற்றில் உள்ளே எஃகுக் கம்பி ஓடுகிற வகையும் உண்டு. ஆனால் கம்பி இருக்கிறது என்று நம்பி ரம்பத்தை அருகே கொண்டுபோகக் கூடாது, ஓடும் செயின் அதையும் அறுத்துவிடும். என்னோடு இருக்கும் பையன்களுக்கு நான் போட்ட சட்டம் ஒன்றுதான். இரண்டு கயிறும் இழுத்துப் பார்த்த பிறகுதான் மெஷின் மேலே வரும். அதுவரை மெஷின் கீழே, தரையில் நிற்பவர் கையில்.

மெஷினைப் பற்றி ஒரு வேடிக்கை. செயின் ரம்பத்தின் முன்னோடி மரம் அறுக்க வந்ததே இல்லை. 1830 வாக்கில் ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்பவர் எலும்பு அறுக்கச் செய்த கருவி அது, கையால் சுற்றினால் பல் வைத்த சங்கிலி ஓடும். மருத்துவரிடமிருந்து மரத்துக்கு வந்திருக்கிறது. ஆக 'சர்ஜன்' என்ற பேர் எங்களுக்குக் கொஞ்சம் பொருந்தத்தான் செய்கிறது.

மரத்தின்மேல் வேலை செய்வதற்கென்றே கைப்பிடி உச்சியில் வைத்த சின்ன மெஷின் கிடைக்கிறது, மூன்று நான்கு கிலோ. அதன் வசதிதான் அதன் ஆபத்தும். ஒற்றைக் கையால் தூக்க முடிவதால் ஒற்றைக் கையால் அறுக்கத் தோன்றும், இன்னொரு கை கிளையைப் பிடிக்கப் போகும். செயின் ஓடும் தகட்டின் நுனி எதிலாவது முட்டினால் மெஷின் பின்னால் துள்ளும், கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. பிடிக்கப் போன இடது கைதான் முதலில் மாட்டும்.

காலுக்கு வருவோம். மெஷின்காரர்களுக்கான பேன்ட் ஒன்று உண்டு. வெளியே பார்த்தால் சாதாரணத் துணி, உள்ளே நீள நீள இழைகள் பல அடுக்காகத் தளர்வாக வைத்திருப்பார்கள். ஓடும் செயின் வெளித்துணியைக் கிழித்ததும் இழைகளை வாரி இழுக்கும். அவை செயினை ஓட்டும் பல்சக்கரத்தில் போய்ச் சுற்றிக்கொள்ள, மெஷின் அடைத்து நின்றுவிடும். முதல் வகுப்புத் துணி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயினை வைத்துச் சோதிக்கப்படுகிறது, இரண்டாம் வகுப்பு 24, மூன்றாம் வகுப்பு 28. முன்பக்கம் மட்டும் காக்கும் வகை தரையில் நிற்பவருக்கு. மரத்தில் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது, அதனால் ஏறுபவருக்குக் காலைச் சுற்றிலும் காக்கும் வகை. ஒருமுறை வெட்டு வாங்கிய பேன்ட்டைத் தைத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது, அதன் ஆயுள் முடிந்தது.

எல்லாம் சரி, சென்னை வெயிலில் இதைப் போட்டுப் பாருங்கள். குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்காகச் செய்த உடுப்பு. சித்திரை மாதத்தில் உள்ளே ஆள் வெந்துபோவான். இதைச் சொல்லாமல் 'கட்டாயம் அணியுங்கள்' என்று பேசிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் செய்வது, விடிந்தும் விடியாமலும் ஏறிப் பதினோரு மணிக்குள் மெஷின் வேலையை முடித்துவிடுவது. அதற்குப் பிறகு கைரம்பம் மட்டும், லேசான உடுப்பு. ஒரு நாள் வேலை இரண்டு நாள் ஆகும். வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

ஹெல்மெட் விஷயத்தில் அதிகம் பேசத் தேவையில்லை. பைக் ஹெல்மெட்டோடு மரத்தில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அதற்குள் காது கேட்காது, அண்ணாந்தும் பார்க்க முடியாது. தாடைப் பட்டை உறுதியான ஏறுபவர் ஹெல்மெட் வேண்டும், தலைகீழாகப் போனாலும் கழலக் கூடாது. மெஷின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காதுமூடி போடாத மூத்தவர்கள் சிலரிடம் இன்று நான் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. காலணியில் இரும்பு முள் கட்டி ஏறுவது வெட்டிச் சாய்க்கப் போகும் மரத்துக்கு மட்டும். வாழ வேண்டிய மரத்தில் அப்படி ஏறினால் ஒவ்வொரு அடியும் ஒரு புண்.

எந்த அயல்நாட்டுக் கையேட்டிலும் நான் பார்க்காத ஒன்று, கதண்டு, கூட்டமாக வந்து கொட்டும் விஷக் குளவி. கூட்டைக் கலைத்துவிட்டால் தரையில் நிற்பவன் ஓடலாம், கயிற்றில் கட்டியவன் எங்கே ஓடுவான்? ஆகவே ஏறும் முன் பத்து நிமிடம் சும்மா நின்று மரத்தை அண்ணாந்து பார்ப்போம். பொந்து, கூடு, ஈ போக்குவரத்து, கடிக்கிற முசுறு எறும்பு. அப்படியும் தப்பிவிட்டால் நொடியில் இறங்கும்படி கயிறு தரை தொடும் நீளத்தில் இருக்க வேண்டும். கீழே இன்னொருவர் ஹார்னஸ் மாட்டித் தயாராக இருப்பதும் அதற்குத்தான். மேலே மயங்கித் தொங்குபவனை அப்படியே விட்டால், கால் பட்டைகள் அழுத்தி ரத்த ஓட்டம் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். ஆம்புலன்ஸ் வரும், ஆனால் அது மரம் ஏறாது.

புயலுக்குப் பிந்திய வேலை தனி ரகம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையில் மரங்களைச் சாய்த்தபோதும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவில் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்தபோதும் வீட்டுக்கு வீடு ஆளாளுக்கு ரம்பம் எடுத்தார்கள். விழுந்த மரம்தானே, தரையில்தானே கிடக்கிறது என்ற நினைப்பு. விழுந்த மரம் நாணேற்றிய வில். வளைந்து கிடக்கும் கிளையில் ஒரு பக்கம் நசுங்கியும் மறுபக்கம் விறைத்தும் இருக்கும். நசுங்கிய பக்கத்தில் முதலில் கொஞ்சம் அறுத்துவிட்டு, அப்புறம்தான் விறைத்த பக்கம் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் வெடித்து முகத்தில் அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்தால், பாரம் போனதும் வேர்ப்பகுதி மண்ணோடு படக்கென்று நிமிர்ந்து குழிக்குள் உட்கார்ந்துவிடும். அந்தக் குழிக்குள் பிள்ளைகள் விளையாடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று மெஷினை அணைத்துவிட்டு முதலில் செய்தது, பிள்ளைகளை விரட்டியது.

மின்கம்பிக்கு ஒரு வார்த்தை. எந்த ஹார்னஸும் எந்தக் கையுறையும் அங்கே உதவாது. பச்சைக் கிளை மின்சாரம் கடத்தும். உயர் அழுத்தக் கம்பியில் 11,000 வோல்ட் ஓடுகிறது, அதைத் தொடக்கூட வேண்டியதில்லை, நெருங்கினாலே தாவும். லைனை நிறுத்திவிட்டோம் என்று மின்வாரிய ஆள் நேரில் வந்து சொன்னால்தான் நான் ஏறுவேன், போனில் சொன்னால் இல்லை.

நாளைக் காலையும் அப்படி ஒரு வேலைதான். ஒரு புங்கமரம், டிரான்ஸ்ஃபார்மர் மேல் கவிந்திருக்கிறது. ஆறு மணிக்கு லைனை நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் இன்று ராத்திரியே கயிறு இரண்டையும் தரையில் விரித்து, சாண் சாணாக விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உறைக்குள் எங்காவது நெளிந்திருந்தால் விரல்தான் கண்டுபிடிக்கும், கண்ணுக்குத் தெரியாது. வருகிறேன், வணக்கம்.