பிரஷர் இருந்தால் சுகரையும் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் "கடைசியா எப்போ சுகர் பார்த்தீங்க?" என்று கேட்டால், "எனக்குப் பிரஷர் மட்டும்தாங்க, சுகரெல்லாம் இல்லை" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். பார்க்காமலே இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்களே என்று எனக்குக் கவலையாக இருக்கும். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றும் தனித்தனி வியாதிகளாகத் தெரிந்தாலும், பலருக்கு அவை வயிற்றில் சேரும் கொழுப்பிலிருந்துதான் கிளம்புகின்றன.

தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு அவ்வளவு தொல்லை தராது. குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் சேருகிறதே, அதுதான் ஆபத்து. அங்கிருந்து கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கலந்துகொண்டே இருப்பதால் கல்லீரலும் தசைகளும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினுக்குச் சரியாக இணங்காமல் போகின்றன, அதை ஈடுகட்டக் கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது, இப்படியே பல வருடங்கள் ஓடும். அந்த வருடங்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை நார்மல் என்றுகூட வரலாம். அப்புறம் கணையத்தால் முடியாமல் போகிறது. அப்போதுதான் ரிப்போர்ட்டில் தெரிகிறது.

இதில் பிரஷர் எங்கே வந்தது? மிகுதியாகச் சுரக்கும் இன்சுலின், சிறுநீரகம் உப்பைத் தேக்கி வைக்கும்படி செய்கிறது, நரம்பு மண்டலத்தையும் முடுக்கிவிடுகிறது. அதனால் பலருக்குச் சர்க்கரை தெரியவருவதற்கு முன்பே பிரஷர் ஏறிவிடுகிறது. பிரிட்டனில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், மேல் அழுத்தம் 20 புள்ளி கூடுதலாக இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் அதிகமாக இருந்தது. 2021-இல் லான்செட் இதழில் வந்த இன்னோர் ஆய்வு, மேல் அழுத்தத்தை 5 புள்ளி குறைத்தாலே அந்த வாய்ப்பு 11 சதவீதம் குறைகிறது என்று காட்டியது.

எடை விஷயத்துக்கு வருகிறேன். இருபது கிலோ குறைக்கணும், அது நம்மால் ஆகாது என்று ஆரம்பிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து அப்படி விடாதீர்கள். 2002-இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வில், சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்களுக்குக் கொடுத்த இலக்கு எடையில் 7 சதவீதமும் வாரத்துக்கு 150 நிமிட நடையும்தான், அதாவது 80 கிலோ ஆளுக்கு ஐந்தரை கிலோ. அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்ட குழுவில் 31 சதவீதம்தான். மாத்திரையை விட எடைக் குறைப்பும் நடையும் ஜெயித்தன என்பதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள், ஒரு இஞ்ச் டேப்பும் வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்காதீர்கள்! நம்மைப் போன்ற தெற்காசிய உடல்வாகுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டரும் பெண்கள் 80 சென்டிமீட்டரும் தொட்டாலே எச்சரிக்கை. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கிலும் 25 வரை போகலாம் என்பது நமக்குப் பொருந்தாது, 23-லேயே கவனம் தேவை. கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் இருப்பவர்கள் "நான் குண்டு இல்லையே" என்று இருந்துவிடக் கூடாது.

சரி, என்ன பார்க்கச் சொல்வது? வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது மூன்று மாதச் சராசரி (HbA1c என்ற ரத்தப் பரிசோதனை). வெறும் வயிற்றில் 100 முதல் 125, சராசரியில் 5.7 முதல் 6.4 என்றால் விளிம்பில் இருக்கிறீர்கள், வருடம் ஒரு முறையாவது திரும்பப் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். பிரஷர் மாத்திரைகளில் சில சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும், சில வகைகள் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும். இதைக் கேட்டுவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், பக்கவாதம் வரை போகும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது சீட்டைக் காட்டி, "சுகர் வர வாய்ப்பிருக்கிற எனக்கு இந்த மாத்திரை சரியா?" என்று நேராகவே கேளுங்கள்.

வணக்கம்.