ஜெயில்ல இருக்கவனும் உங்க வார்டு கணக்குலதான்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் புவியியல் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன், சென்சஸ் டூட்டியும் பாத்தவன். வார்டு பிரிக்கத பத்தி பேசுங்கன்னு வானொலி நிலையத்துல கேட்டதும் ஒடனே சரின்னுட்டேன். வீட்ல சிரிக்காங்க, இதையெல்லாம் யாரு கேப்பான்னு. ஏன் கேக்க மாட்டாங்க? தெருவுல சாக்கடை அடைச்சு நிக்கும், யாருக்கு போன் போடன்னு தெரியாது. இந்த கவுன்சிலர்ட்ட சொன்னா அது எதுத்த சைடு வார்டும்பாரு, அவர்ட்ட சொன்னா இவர கைகாட்டுவாரு. தெருவுக்கு நடுவுல கோடு போட்டா அப்படித்தான். அந்த கோட்ட யாரு போட்டா, எத வச்சு போட்டாங்கங்கதுதான் இன்னைக்கு பேச்சு.

நம்ம நெல்லை மாநகராட்சில 55 வார்டு. 2011 சென்சஸ்ல ஊர் ஜனத்தொகை 4 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம். வகுத்துப் பாத்தா வார்டுக்கு சுமாரா 8,600 பேரு. பேச்சுக்கு சொல்லுதேன், ஒரு வார்டுல 5,000 பேரு இன்னொண்ணுல 12,000 பேருன்னு இருந்தா ரெண்டுக்கும் ஒரே ஒரு கவுன்சிலர்தான, அப்ப 12,000-ல இருக்கவன் ஓட்டு மத்தவன் ஓட்டுல பாதி கூட பெறாது. அதனாலதான் தலைய எண்ணி ஏறக்கொறைய சமமா பிரிக்கணுங்காங்க. தலைய எண்ணி. இத ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

அமெரிக்காவுல அயோவா மாகாணத்துல அனமோசான்னு ஒரு சின்ன டவுன். எனக்கு ரொம்ப பிடிச்ச கதை, யாரு கெடச்சாலும் சொல்லிருவேன். அந்த டவுன்ல நாலு வார்டு, ஒவ்வொண்ணுலயும் கிட்டத்தட்ட 1,400 பேரு, சென்சஸ் கணக்குப்படி அம்சமா பிரிச்சிருக்காங்க. ரெண்டாவது வார்டுல மட்டும் ஒரு சங்கதி. அங்கன ஒரு பெரிய ஜெயில் இருக்கு. வார்டு ஜனத்தொகைல ஏறக்கொறைய 1,300 பேரு உள்ள கெடக்க கைதிங்க. அவங்களுக்கு ஓட்டு கெடையாது. வெளிய இருக்கது நூறு பேரு கூட தேறாது. 2005-ல கவுன்சில் தேர்தல் வருது, அந்த வார்டுல நிக்கதுக்கு ஆளே இல்ல. அங்க ஒரு வழக்கம், ஓட்டுச்சீட்டுல பேரு இல்லாட்டாலும் நமக்கு பிடிச்ச ஆளு பேர கைல எழுதிப் போடலாம். ஒருத்தரு பேர ரெண்டு பேரு எழுதிப் போட்டாங்க. ஒண்ணு அவரு பொண்டாட்டி, இன்னொண்ணு பக்கத்து வீட்டுக்காரரு. ரெண்டே ஓட்டு, ஆளு ஜெயிச்சாச்சு! தேர்தல்ல நிக்காத மனுசன் கவுன்சிலர் ஆயிட்டாரு. மத்த வார்டுல 1,400 பேருக்கு ஒரு கவுன்சிலர், இங்க வெளிய இருக்க அந்த கொஞ்சம் பேருக்கு ஒரு கவுன்சிலர். கணக்கு தப்பான்னா தப்பே இல்ல, ஒவ்வொரு தலையையும் சரியாத்தான் எண்ணிருக்காங்க. பெறகு ஊர்க்காரங்க வார்டு வாரியா ஓட்டே வேண்டாம்னு, ஊரு பூரா சேந்து கவுன்சிலர தேர்ந்தெடுக்க மாதிரி மாத்திக்கிட்டாங்க.

எதுக்கு அயோவா கதைங்கீங்களா? நம்ம பாளையங்கோட்டைலயும் மத்திய சிறை இருக்குல்லா! ஹாஸ்டலுக்கும் பஞ்சமா என்ன, தடுக்கி விழுந்தா ஒரு காலேஜ், அதுக்கு ஒரு ஹாஸ்டல். சென்சஸ்ல ஜெயில்ல இருக்கவன ஜெயில்லயும் ஹாஸ்டல்ல படிக்க புள்ளைகள ஹாஸ்டல்லயும் எண்ணுவாங்க. அந்த புள்ளைக்கு ஓட்டு பெரும்பாலும் சொந்த ஊர்ல இருக்கும், அது நாங்குநேரியோ அம்பாசமுத்திரமோ. ஆனா தலைக்கணக்கு பாளைல. நம்ம வார்டு பெருசுங்கனால அனமோசா அளவுக்கு போகாது, வாஸ்தவம். ஆனாலும் தலை எண்ணிக்கை வேற, வாக்காளர் எண்ணிக்கை வேற. இத சொல்லாம வார்டு சமமா இருக்குன்னா நான் ஒத்துக்கிட மாட்டேன்.

இந்த தலைய எப்படி எண்ணுதாங்கன்னா, ஊர சின்ன சின்ன பிளாக்கா பிரிச்சு, பிளாக்குக்கு சில நூறு பேரு கணக்குல, ஒரு வாத்தியார்ட்ட குடுப்பாங்க. அவரு மொதல்ல கையாலேயே ஒரு மேப் போடணும். கட்டுவீடுன்னா சதுரம், குடிசைன்னா முக்கோணம். வடக்கு மேல இருக்கணும், கோயிலு, பள்ளிவாசல், அடிபம்பு எல்லாம் குறிக்கணும். மேலப்பாளையத்து சந்துக்குள்ள போயி இத போட்டுப் பாருங்க தெரியும். ஒரு வாசல்ல நொழஞ்சா உள்ள மூணு குடித்தனம், திண்ணைல உக்காந்து பீடி சுத்திக்கிட்டே ஒரு அம்மா பதில் சொல்லும், பின்வாசல் அடுத்த தெருவுல தொறக்கும். இப்ப அந்த வீடு எந்த பிளாக்கு? 2011 பிப்ரவரி 28 ராத்திரி வீடில்லாதவங்கள எண்ணணும். டார்ச்சு அடிச்சுக்கிட்டு ஜங்ஷன் பக்கம் ஈரடுக்கு பாலத்துக்கு கீழ போனோம். படுத்திருந்த பெரியவரு ஒருத்தரு கேட்டாரு, "என்னவே, விடியுமுன்ன என்ன கணக்கு?"

இந்த பிளாக்க எல்லாம் கூட்டித்தான் வார்டு வருது. வார்டு எல்லைய அறிவிக்க அரசு கெசட்ல பாத்தீங்கன்னா பத்திரத்துல செக்குபந்தி எழுதுத மாதிரி வடக்கே இந்த தெரு, கிழக்கே ரயில்பாதை, தெற்கே கால்வாய்னு வரும். தாமிரபரணி மாதிரி ஆறு எல்லையா இருந்தா சண்டையே இல்ல. தெருவுக்கு நடுவுல போனாத்தான் சாக்கடைச் சண்டை. இன்னொண்ணு, 2022 தேர்தல் நடந்ததும் 2011 கணக்குலதான். அதுக்குள்ள வி.எம். சத்திரம் பக்கமெல்லாம் எத்தன வீடு வந்துட்டு!

டைம் ஆச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப்புறம் கை காட்டுதாங்க. பட்டியல் இனத்தவர், பெண்கள் வார்டு எப்படி சுழற்சில மாறுதுன்னு சொல்ல நெனச்சேன், அது தனியா ஒரு நாள் பேச வேண்டியது. கம்ப்யூட்டர் மேப்பும் அப்படித்தான். வேகமா ஒண்ணு மட்டும். 2027 மார்ச் 1 கணக்குக்கு அடுத்த சென்சஸ், இந்த தடவ மொபைல்லயே பதிவு பண்ணுவாங்க. அந்த கணக்க வச்சு வார்ட மாத்துனா மொதல்ல வரைவு வெளியிட்டு ஆட்சேபணை கேப்பாங்க. அப்ப உங்க தெரு பேரு எந்த வார்டுல இருக்கு, ரெண்டு வார்டுல வந்திருக்கான்னு பாருங்க. வந்திருந்தா எழுதிக் குடுங்க, நாளு தள்ளாம. வணக்கம்.